கட்டிலிற் கிடந்து ஒரு கொலைவழக்கை மீளாய்தல்: ஜோசபீன் ரேயின் நாவலும் வரலாற்றுச் சான்றும்

துப்பறியும் நாவலை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நமது விமர்சகரிடையே நீண்டகாலமாக ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. அது சந்தைக்கென உற்பத்தி செய்யப்படும் சரக்கு என்றும், குற்றத்தினால் ஒரு கணம் குலையும் சொத்துடைமை ஒழுங்கைத் துப்பறிவாளனின் அறிவைக் கொண்டு மீள நிலைநிறுத்தி வாசகனை நிம்மதியாக உறங்கவைக்கும் வடிவம் என்றும் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 1984இல் குற்றக்கதையின் சமூக வரலாற்றை நூலாக எழுதிய மார்க்சியப் பொருளியலாளர் ஏர்னஸ்ட் மண்டேல், தாம் அவ்வகை நாவல்களை விரும்பி வாசிப்பவர் என்பதை மறைக்கவில்லை. இன்பம் தரும் ஒன்று எவ்வாறு இன்பம் தருகின்றது என்பதை விளக்காது அதனைக் கண்டிப்பது, விமர்சனத்தின் பணியைப் பாதியில் விட்டுவிடுவதாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, ஜோசபீன் ரே என்னும் புனைபெயரில் எழுதப்பட்டு 1951இல் வெளிவந்த ‘காலத்தின் மகள்’ என்னும் ஆங்கில நாவலாகும். உண்மை காலத்தின் புதல்வி என்னும் பழமொழியிலிருந்து பெறப்பட்ட தலைப்பு அது. ஆசிரியையின் இயற்பெயர் எலிசபெத் மக்கின்ரொஷ். 1896இல் ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் நகரிற் பிறந்த அவர், நாவல் வெளிவந்த மறு ஆண்டிலேயே காலமானார். கோர்டன் டேவியட் என்னும் பிறிதொரு புனைபெயரில் வரலாற்று நாடகங்களும் எழுதியவர். 1990இல் பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தினர் தெரிவுசெய்த நூறு சிறந்த நாவல்களுள் இதுவே முதலிடத்தைப் பெற்றது. அச்செய்தி சற்று வியப்புக்குரியது. ஏனெனில் இந்நாவலிலே துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, புதிய பிணம்கூட இல்லை. நிகழ்ந்த குற்றம் ஏறக்குறைய நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முந்தியது. அதனை ஆராய்பவரோ கால் முறிந்து வைத்தியசாலைக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ஒரு பொலிஸ் பரிசோதகர்.

குற்றம் எது என்பதை முதலிற் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்ளல் வேண்டும். 1483ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் இங்கிலாந்தின் மன்னன் நான்காம் எட்வேட் இறந்தான். அவனது மூத்த மகன் ஐந்தாம் எட்வேட்டுக்கு அப்போது வயது பன்னிரண்டு. இளையவனுக்குப் பத்து நிரம்பவில்லை. இறந்த மன்னனின் தம்பியாகிய றிச்சாட் சிறுவனின் காப்பாளனாகப் பொறுப்பேற்றான். ஜூன் மாதத்திற்குள் ஹேஸ்ரிங்ஸ் பிரபு கொல்லப்பட்டார். சிறுவனின் தாய்மாமன் றிவேர்ஸ் பிரபு கொல்லப்பட்டார். நான்காம் எட்வேட்டின் திருமணமே செல்லாதது, ஆகவே பிள்ளைகள் முடிக்குரியவர் அல்லர் என அறிவிக்கப்பட்டது. ஜூலை 6ஆந் திகதி றிச்சாட் முடிசூடினான். இலண்டன் கோபுரக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த சிறுவர் இருவரையும் அதன்பின் எவரும் கண்டதாகத் தெளிவான சான்று இல்லை. 1485 ஆகஸ்ட் 22ஆந் திகதி பொஸ்வேத் போர்க்களத்தில் றிச்சாட் வீழ்ந்தான். ரியூடர் குலத்து ஏழாம் ஹென்றி அரியணை ஏறினான். சிறுவரைக் கொல்வித்தவன் றிச்சாட் என்பது ரியூடர் காலத்தில் நிலைபெற்று, தோமஸ் மோரின் எழுத்தில் உருப்பெற்று, ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் உலகப் பொதுச்சொத்தாயிற்று. குடியேற்றவாதக் கல்வி எங்கெங்கு சென்றதோ அங்கெல்லாம், யோர்க் எங்கே லங்காஸ்ரர் எங்கே என்றறியாத பிள்ளைகளும் இக்கூனல் அரசனை அறிந்திருந்தனர்.

நாவல் தொடங்கும் முறை எளியது. படுக்கையிற் சலித்துப்போயிருக்கும் அலன் கிராண்ட் என்னும் ஸ்கொட்லாந்து யாட் அதிகாரிக்குப் பொழுதுபோக்காக, நடிகையான அவரது நண்பி சில பழைய உருவப்படங்களைக் கொண்டுவந்து கொடுக்கின்றாள். முகம் பார்த்து மனிதரை மதிப்பிடுவதிலே தமக்குத் திறமை உண்டு என்பது கிராண்டின் எண்ணம். ஒரு முகத்தைப் பார்த்து, இவன் நீதிபதியின் ஆசனத்துக்குரியவன் என்று எண்ணிப் படத்தைத் திருப்பினால் அது மூன்றாம் றிச்சாட். குற்றவாளிக் கூண்டுக்குரியவனை நீதிபதியாகக் கொண்டுவிட்டோமே என்ற திகைப்பிலிருந்து விசாரணை தொடங்குகின்றது. தாதி ஒருத்தியின் பழைய பள்ளிப் பாடநூல், பின்னர் பெரிய வரலாற்று நூல்கள், பின்னர் பிரித்தானிய நூதனசாலையில் அவருக்காகத் தேடிப் பார்க்கும் பிரென்ற் கரடைன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவன் கொண்டுவரும் குறிப்புக்கள் எனச் சான்றுகள் ஒவ்வொன்றாகக் கட்டிலை வந்தடைகின்றன.

இந்நாவலின் விறுவிறுப்பு எங்கே உள்ளது என்பதற்குச் சிறந்த உதாரணம் தோமஸ் மோர் பற்றிய பகுதியாகும். றிச்சாட்டின் கொடுமைகளைக் கண்முன் நிறுத்துவது போல மோர் எழுதியிருக்கின்றார். யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த வேளையிற் சொன்னார், எப்படி முகம் சுளித்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. மோரோ அறிஞர், நேர்மைக்காக உயிர் கொடுத்தவர், பின்னாளிற் புனிதராக உயர்த்தப்பட்டவர். வாசித்துக்கொண்டு போகும் கிராண்டுக்கு இடையிலே ஒரு கணக்கு உறைக்கின்றது. மோர் பிறந்தது 1478இல். அவ்வாறாயின் றிச்சாட் முடிசூடியபோது அவருக்கு வயது ஐந்து. கண்டவர் போல எழுதியவர் உண்மையில் எதையும் கண்டவர் அல்லர், கேட்டவர். கேள்விச் சான்றினை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்பது பொலிஸ்காரனின் முதற் பாடம். யாரிடம் கேட்டார் என்ற அடுத்த வினா, சிறுவயதில் மோர் எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதைத் தேடச் செய்கின்றது. விடை: றிச்சாட்டின் தீராப் பகைவரும் ஏழாம் ஹென்றியின் வலக்கையுமான ஜோன் மோட்டன் என்னும் பேராயரின் வீட்டில்.

பிறப்பாண்டு ஒன்றைக் கழித்துப் பார்ப்பதுதான் இங்கு நிகழும் ‘சம்பவம்’. ஆனால் கத்தியை உருவும் காட்சிக்கு நிகரான பதற்றம் அதில் இருக்கின்றது. மூலாதாரங்களைச் சீர்தூக்குதல் என்று நாம் முதலாம் வருட மாணவருக்குப் பல விரிவுரைகளிற் சொல்லி அலுக்கவைக்கும் விடயத்தை, ஒரு நாவலாசிரியை ஓர் அத்தியாயத்தில் அனுபவமாக்கிவிடுகின்றார். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எவர் சொல்லக் கேட்டார், எழுதியதனாற் பயனடைந்தவர் எவர் என்னும் வினாக்களை இவ்வளவு சுவையாகக் கேட்கவைத்த வரலாற்றியல் நூல் எதனையும் யான் அறியேன்.

இவ்வாறே தொடர்கின்றன ஏனைய கண்டுபிடிப்புக்களும். றிச்சாட்டின் உரிமையை நிலைநாட்டி 1484இற் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஏழாம் ஹென்றி வாசிக்கப்படாமலேயே நீக்குவித்து, பிரதிகள் யாவற்றையும் அழிக்க ஆணையிட்டான். தப்பிய ஒரு பிரதியாலேயே அதன் வாசகம் பின்னோருக்குக் கிடைத்தது. தனது ஆட்சி போருக்கு முதல்நாளே தொடங்கியதாக நாள் குறித்து, அரசனுக்காகப் போரிட்டவர்களை அரசத் துரோகிகளாக்கினான். பிள்ளைகளைப் பறிகொடுத்ததாகக் கூறப்படும் தாய், 1484 மார்ச்சில் தனது புதல்வியரோடு தேவாலய அடைக்கலத்தை விட்டு வெளியேறி, றிச்சாட் அளித்த வாக்குறுதியை ஏற்றுக்கொண்டாள். சிறுவரைக் கொன்றதாக மோர் குறிப்பிடும் ஜேம்ஸ் டிரெல் என்பவனுக்கு ஏழாம் ஹென்றி 1486ஆம் ஆண்டு ஜூனிலும் ஜூலையிலும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு பொதுமன்னிப்புக்கள் வழங்கினான். அந்த ஒரு மாதத்தில் நிகழ்ந்தது யாது? கிராண்டின் தீர்ப்பு இங்கே முடிவாகின்றது: கொல்வித்தவன் ஹென்றி, றிச்சாட் நிரபராதி.

இவ்வாதம் நாவலாசிரியையின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அதனை அவர் மறைக்கவுமில்லை. தான் உலகையே புரட்டிப்போடும் நூல் எழுதப்போவதாக மகிழ்ந்திருந்த கரடைன், 1619இல் ஜோர்ஜ் பக்கும், 1768இல் ஹொறஸ் வோல்போலும், 1906இல் கிளெமன்ஸ் மார்க்கமும் இதையே எழுதிவிட்டனர் என்றறிந்து சோர்ந்துபோகும் காட்சி, ஆராய்ச்சி மாணவர் எவரும் ஒரு புன்சிரிப்போடும் சிறு வலியோடுமே வாசிக்கக்கூடியது.

இதுவரை கூறியது நாவலின் வெற்றி. நாவல் விதிக்கும் அளவுகோலை நாவலின்மீதே வைத்துப் பார்ப்பது இனி நமது கடமையாகின்றது.

முதலாவது, நாவல் எதை விட்டுவிட்டது என்பது. டொமினிக் மன்சினி என்னும் இத்தாலியர் 1483இன் முதற் பாதியில் இலண்டனில் இருந்தவர். அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தை விட்டு நீங்கி, டிசெம்பருக்குள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி முடித்தார். அவருக்கு ரியூடர்களிடம் பெறவேண்டிய பரிசு எதுவுமில்லை. அவர் எழுதியபோது ஏழாம் ஹென்றி என்றொரு மன்னன் இருக்கவேயில்லை. கோபுரக் கோட்டையின் சாளரங்களுக்குப் பின்னால் அச்சிறுவர் நாளுக்குநாள் அரிதாகவே தென்பட்டனர், பின்னர் தென்படவேயில்லை, மூத்தவன் கொல்லப்பட்டான் என்ற ஐயம் அப்போதே மக்களிடையே இருந்தது என்பன அவரது எழுத்திலிருந்து பெறப்படுவன. வட பிரான்சின் லீல் நகர நூலகத்தில் 1934இற் கண்டெடுக்கப்பட்ட இவ்வேடு 1936இற் பதிப்பிக்கப்பட்டது. நாவல் வெளிவந்ததோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின். ஆயினும் மன்சினியின் பெயர் நாவலிற் காணப்படவில்லை. சமகாலத்து வதந்தி ஒன்றைக் குறோய்லன்ட் மடத்துச் சரித்திரக் குறிப்பிற் கரடைன் காணும்போது, இருவரும் இடிந்துபோகின்றனர். ஆனால் மோட்டன் அப்பகுதிகளில் ஒளிந்திருந்தவர், ஆகவே வதந்தியின் ஊற்றும் அவரே என்று கிராண்ட் தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். பாதகமான சான்று எதிர்ப்பட்டதும் அதன் பின்னால் ஒரு சதிகாரனை வைத்துவிடுவது, மோர்மீது அவர் சுமத்திய குற்றத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றது?

ஏழாம் ஹென்றியின் பாராளுமன்றம் 1485இல் றிச்சாட்மீது சுமத்திய குற்றப் பட்டியலிற் சிறுவர் கொலைபற்றி எதுவுமில்லை என்பது நாவலின் வலுவான வாதங்களுள் ஒன்று. பெயர் குறித்த குற்றச்சாட்டு இல்லை என்பது மெய்யே. எனினும் குழந்தைகளின் இரத்தம் சிந்தியமை அப்பட்டியலிலே பொதுப்படக் கூறப்பட்டுள்ளது. அதனை நாவல் நமக்குச் சொல்லவில்லை.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசாரணை முழுவதற்கும் வித்தாக அமைந்த அந்த ஓவியம் இலண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் உள்ளது. அது றிச்சாட் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், முந்திய ஓர் ஓவியத்தைத் தழுவி, பெயரறியாத ஒருவர் தீட்டியது. அரச சேகரிப்பிலுள்ள மற்றோர் உருவப்படத்தை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, தோளை உயர்த்திக் காட்டுவதற்காகப் பின்னர் வர்ணம் பூசப்பட்டமை தெரியவந்தது. எழுத்தைப் போலவே வர்ணமும் ஆட்சியாளருக்கு ஏவல் செய்யும். கேள்விச் சான்றுக்காக மோரை நிராகரித்த கிராண்ட், பிரதியின் பிரதியாகிய ஒரு முகத்தை மட்டும் நேர்ச் சாட்சியாகக் கொண்டார். கதை முடியும் இடத்திலும் ஒரு தாதி அப்படத்தைப் பார்த்து அந்த முகத்தில் நற்குணத்தையே காண்கின்றாள். ஆவணங்களின் வழி நானூறு ஆண்டுப் பொய்யைக் கிழித்த நாவல், இறுதியில் ஒரு சாமுத்திரிகா லட்சணத்தின்மேல் இளைப்பாறுவது ஏமாற்றமளிக்கின்றது.

இவற்றைக் காட்டிலும் ஆழமான இடர்ப்பாடு வடிவத்திலேயே உள்ளது. துப்பறியும் கதை ஒரு குற்றவாளியை வேண்டி நிற்பது. வரலாற்றாசிரியனைத் துப்பறிவாளனோடு ஒப்பிடும் மரபு புதியதன்று. 1946இல் வெளிவந்த தமது வரலாற்றுத் தத்துவ நூலில் கொலிங்வுட் ஒரு கற்பனைக் கொலைக்கதையைச் சொல்லியே சான்றின் இயல்பை விளக்கினார். சிறு தடயங்களிலிருந்து முழுமையை ஊகிக்கும் அறிவுமுறை பற்றி 1979இல் எழுதிய கார்லோ கின்ஸ்பேர்க், ஷேர்லொக் ஹோம்ஸையும் வரலாற்றாசிரியனையும் ஒரே நிரையில் வைத்தார். ஆனால் அதே கின்ஸ்பேர்க் 1991இல் நீதிபதியும் வரலாற்றாசிரியனும் பிரியும் இடத்தையும் சுட்டிக்காட்ட நேர்ந்தது. இருவருக்கும் சான்று பொது, தீர்ப்பு பொதுவன்று. தனிமனிதனின் பொறுப்பை வரையறுப்பது நீதிபதியின் வேலை. அப்பொறுப்புக்கு அப்பாலும் பார்க்கவேண்டியவன் வரலாற்றாசிரியன்.

1483இன் நிகழ்ச்சிகளை இவ்வாறு நோக்கினால் வினாவே மாறிவிடுகின்றது. இங்கிலாந்தில் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட மன்னர்களின் முடிவை வரிசையாகப் பார்க்கலாம். இரண்டாம் எட்வேட் 1327இல் நீக்கப்பட்டு அவ்வாண்டே இறந்ததாக அறிவிக்கப்பட்டான். இரண்டாம் றிச்சாட் 1399இல் நீக்கப்பட்டு மறு ஆண்டு சிறையில் இறந்தான். ஆறாம் ஹென்றி 1471இல் அதே கோபுரக் கோட்டையில், அச்சிறுவரின் தந்தையாகிய நான்காம் எட்வேட்டின் ஆட்சியில், இறந்தான். முடியிழந்தவன் உயிரோடு இருப்பது, நிலத்தையும் ஆளணியையும் தம்வசம் வைத்திருந்த பிரபுக்களுக்கு அடுத்த கிளர்ச்சிக்கான கொடியாகும். அரசு என்பது அரசனின் உடலோடு பிணைந்திருந்த அவ்வமைப்பில், ஒரு சிறுவனை நீக்கிவிட்டு அவனை வாழவிடுவதற்கு இடமேயில்லை. இக்கண்ணோட்டத்தில் றிச்சாட் கொல்வித்தானா ஹென்றி கொல்வித்தானா என்பது இரண்டாந்தர வினாவாகும். ஹென்றியும் அவன் மகனும் எஞ்சிய யோர்க் வாரிசுகளை என்ன செய்தனர் என்பதை நாவலே பட்டியலிடுகின்றது: வாரிக் பிரபு 1499இல் தலை துணிக்கப்பட்டான், முதுமகளாகிய சோல்ஸ்பரிச் சீமாட்டி மார்கரெட் போல் 1541இல் வெட்டப்பட்டாள். ஆசிரியை இதனை ரியூடர் குலத்தின் தீக்குணத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றார். ஆனால் அவரது பட்டியலே குணத்தைப் பற்றிய வாதத்தை உடைத்து, இடத்தைப் பற்றிய வாதத்தை நிறுவுகின்றது. அரியணை என்ற இடத்தில் அமர்ந்த எவரும் அதையே செய்தனர்.

தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் கேட்ட வினாக்களும் இத்தகையனவே. 1981இல் சாள்ஸ் றொஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1989இல் றோஸ்மேரி ஹொறொக்ஸ் எழுதிய ஆய்வும், றிச்சாட்டின் அதிகாரம் எந்தப் பிரதேசத்தில் எந்த ஊழியர் வலையில் தங்கியிருந்தது, 1483 ஒக்ரோபர் கிளர்ச்சியின் பின் தென் மாவட்டங்களில் வடக்கத்தியரை அமர்த்தியமை எத்தகைய வெறுப்பை வளர்த்தது என்பவற்றை விரிவாக ஆராய்ந்தன. அவற்றை வாசித்தபின் பொஸ்வேத் தோல்வி விளங்குகின்றது. நாவலை வாசித்தபின் அது வெறும் அநீதியாகவே தோன்றுகின்றது.

காலம் என்னும் தாய் இதற்கிடையில் வேறு சில புதல்வியரையும் பெற்றாள். 2012இல் லெஸ்ரர் நகரின் வாகனத் தரிப்பிடம் ஒன்றின் கீழ் அப்பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். அது றிச்சாட்டினுடையதே என 2013 பெப்ரவரியில் மரபணுச் சான்றோடு அறிவிக்கப்பட்டது. 2015 மார்ச்சில் அது லெஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வெகுவாக வளைந்திருந்தது. ஆகவே ஒரு தோள் உயர்ந்திருந்தது மெய். கூனும் சூம்பிய கையும் பொய். பகைவர் முற்றாகப் புனையவில்லை, இருந்ததைப் பெருப்பித்தனர் என்பதை இது காட்டுகின்றது. வரலாற்றுப் பொய்களுட் பெரும்பாலானவை அவ்வகையினவே. 2020இல் வரலாற்றாசிரியர் ரிம் தோண்டன், கொலைஞன் என மோர் குறிப்பிடும் மைல்ஸ் பொறெஸ்ற் என்பவனின் மைந்தர் மோரின் காலத்தில் அரச சேவையில் இருந்தனர் எனக் காட்டினார். 1516ஆம் ஆண்டு மரணசாசனம் ஒன்றில் ஐந்தாம் எட்வேட்டின் சங்கிலி, டிரெலின் மனைவிவழி உறவினரான ஒரு சீமாட்டியின் உடைமையாகக் குறிக்கப்பட்டுள்ளமையை 2024இல் அவரே வெளிக்கொணர்ந்தார். மோர் கேட்டது மோட்டனிடம் மட்டுந்தான் என்ற நாவலின் முடிவு இப்போது அவ்வளவு உறுதியானதன்று. மறுபுறம், சிறுவர் தப்பிப் பிழைத்தனர் என்னும் வாதத்தை 2023இல் பிலிப்பா லாங்லி புதிய ஆவணங்களோடு முன்வைத்தார். வரலாற்றாசிரியர் பலர் அதனை ஏற்கவில்லை. வழக்கு மூடப்படவில்லை.

இவ்வளவும் ஓர் அரசனின் நற்பெயரைப் பற்றியது. முற்போக்கு வாசகர் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி நாவலில் வேறொன்று உண்டு.

பொய்யான வரலாறு நிலைபெறுவதைக் குறிக்கக் கிராண்டும் கரடைனும் தமக்குள் ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்கின்றனர். ‘ரொனிபாண்டி’ என்பதே அச்சொல். அது தென் வேல்ஸின் றொண்டாப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு நிலக்கரி ஊர். 1910இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்மீது அரசாங்கம் படையை ஏவிச் சுடுவித்தது என்பது தொழிலாளர் நினைவு. உண்மையில் சேர்ச்சில் படையைத் தடுத்து இலண்டன் பொலிசாரையே அனுப்பினார். சில மூக்குகள் உடைந்ததற்கு மேல் எதுவும் நிகழவில்லை. அங்கிருந்தவர் யாவரும் அதனை அறிந்தும் கட்டுக்கதையை வளரவிட்டனர் என்று கிராண்ட் கூறுகின்றார். அதன்பின் நாவல் நெடுக, பொய் எனத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் அவ்வூரின் பெயர் சூட்டப்படுகின்றது.

இதனையும் அதே அளவுகோலால் அளப்போம். ரொனிபாண்டியிற் படையினர் எவரையும் சுட்டுக் கொல்லவில்லை என்பது சரி. சேர்ச்சில் முதலிற் படையை வழியில் நிறுத்திவைத்தார் என்பதும் சரி. ஆனால் தகராறு எதிலிருந்து எழுந்தது? புதிய நிலக்கரிப் படை ஒன்றை வெட்டுவதற்குத் தொன் ஒன்றுக்கு என்ன கூலி என்பதிலிருந்து. ஏறத்தாழ எழுபது பேர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கின்றனர் எனக் குற்றஞ்சாட்டி, 1910 செப்டெம்பரில் அச்சுரங்கத்தின் எண்ணூறுக்கு மேற்பட்டோரையும் முதலாளிமார் வெளியே விட்டுக் கதவடைத்தனர். நவெம்பரில் அக்கம்பனிக் கூட்டின் சுரங்கங்களைச் சேர்ந்த ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நவெம்பர் 7ஆம், 8ஆந் திகதிகளில் பொலிசாருடன் கைகலப்பு மூண்டது. பிரதான வீதியின் கடைகள் நொறுக்கப்பட்டன. அதன்பின் படையும் வந்தது. வந்த படை சுடவில்லையாயினும் மாதக்கணக்கிற் பள்ளத்தாக்கிலேயே தங்கியிருந்தது. 1911இன் பிற்பகுதியில் தொழிலாளர் முதலாளிமாரின் நிபந்தனையை ஏற்று வேலைக்குத் திரும்பினர்.

அந்தக் கடையுடைப்பைக் குருட்டு வெறி என்று எண்ணியிருந்தோருக்கு, வேல்ஸ் வரலாற்றாசிரியர் டாய் ஸ்மித் 1980இல் எழுதிய கட்டுரை விடையளித்தது. எந்தக் கடை உடைக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது என அவர் காட்டினார். அக்கடைக்காரருட் பலர் வீட்டுச் சொந்தக்காரராகவும் ஊர்ப் பெரியவர்களாகவும் இருந்தோர். வேல்ஸுக்காக றக்பி ஆடிப் புகழ்பெற்ற ஒருவரின் மருந்துக் கடையோ தீண்டப்படவில்லை. கடைகளைப் பேரேடுகளாகக் கொண்டு ஓர் ஊர் தனது கணக்கைத் தீர்த்துக்கொண்ட நாள் அது எனலாம்.

படை சுட்டது என்ற நினைவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பொறுமை கிராண்டுக்கு இல்லை. 1911 ஆகஸ்ட் 19ஆந் திகதி, அதே தென் வேல்ஸின் லனெல்லி நகரில், இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது படையினர் சுட்டு இருவரைக் கொன்றனர். அப்போதும் உள்நாட்டு அமைச்சர் சேர்ச்சிலே. ஒன்பது மாத இடைவெளியிலான இரண்டு நிகழ்ச்சிகளை மக்கள் நினைவு ஒன்றாக்கியிருத்தல் கூடும். இத்தாலியின் தேர்ணி நகர உருக்குத் தொழிலாளர், 1949இற் பொலிசாராற் கொல்லப்பட்ட ஒரு தோழனின் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு இணைத்து நினைவுகூர்ந்ததை அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி ஆராய்ந்துள்ளார். திகதி பிழையென்று கண்டு அவர் அதனை எறிந்துவிடவில்லை. பிழை எதனைச் சொல்கின்றது என்று கேட்டார். அரசனின் பகைவர் சொன்ன பொய்க்குக் காரணம் தேடி ஒரு முழு நாவல் எழுதிய ஆசிரியை, தொழிலாளரின் பிழைக்குக் காரணம் தேட ஒரு பக்கத்தையும் செலவிடவில்லை.

இது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. 1948இல் அவர் எழுதிய ‘பிரான்சைஸ் விவகாரம்’ என்ற நாவலும் ஒரு பழைய வழக்கின் மீளாய்வே. 1753இல் எலிசபெத் கனிங் என்ற பதினெட்டு வயது வேலைக்காரப் பெண், தன்னை ஒரு வீட்டில் ஒரு மாதம்வரை அடைத்துவைத்தனர் என முறையிட்டாள். குற்றஞ்சாட்டப்பட்டோருள் மேரி ஸ்குவயர்ஸ் என்ற ஜிப்சிக் கிழவிக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, மறுவிசாரணைகளின் பின் மன்னிப்பு வழங்கப்பட்டது. கனிங் பொய்ச்சத்தியம் செய்தாள் எனத் தீர்க்கப்பட்டு 1754இல் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டாள். நவீன காலத்துக்கு இவ்வழக்கை மாற்றும்போது ஆசிரியை, பொய் சொல்லும் பெண்ணை எளிய குடும்பத்து மாணவியாக வைத்துக்கொண்டார். குற்றஞ்சாட்டப்பட்ட ஜிப்சிக் கிழவி மட்டும் நாட்டுப்புற மாளிகையொன்றில் வாழும் கண்ணியமான தாயும் மகளுமாக மாறிவிட்டாள். வரலாற்றில் அநியாயமாகத் தூக்குமரத்தின் அடிவரை சென்று திரும்பியவள் நாடோடி ஏழை; நாவலில் வாசகரின் இரக்கத்தைப் பெறுவோர் சீமாட்டிகள். கதை விறுவிறுப்பானது, யானும் ஓரிரவில் வாசித்து முடித்தேன். இடமாற்றம் நிகழ்ந்ததை வாசிக்கும்போது உணரவிடாதபடி எழுதுவதிலேயே ஆசிரியையின் ஆற்றல் இருக்கின்றது.

ரொனிபாண்டிக்கு மீள்வோம். சில மூக்குகள் உடைந்தன என்று நாவல் கூறும் அந்த நவெம்பர் 8ஆந் திகதி, சாமுவேல் றேய்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி தலையில் அடிபட்டான். மண்டையோடு வெடித்திருந்தது; சில நாட்களில் இறந்துபோனான். மரண விசாரணை நடைபெற்றது. மழுங்கிய கருவியொன்றால் ஏற்பட்ட காயத்தினால் மரணம் நிகழ்ந்தது என ஜூரிமார் கூறினர். பொலிசாரின் குண்டாந்தடியே அது என ஊரார் நம்பினர். அக்காயம் அவனுக்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதைத் தம்முன் வைக்கப்பட்ட சாட்சியங்களிலிருந்து தெளிவாகக் கூறமுடியவில்லை என்று ஜூரிமார் பதிந்தனர். ஸ்கொட்லாந்து யாட் அதிகாரியான கிராண்டின் படுக்கையருகே வந்து சேர்ந்த புத்தகக் குவியலில் அப்பதிவு இருக்கவில்லை.